வேலை தெரிஞ்சவரைத்தான் டீம் லீட் ஆக்கணுமா?

முல்லை:
எங்க டீம்ல கோடிங்ல கெட்டிக்காரர் ஒருத்தர் இருந்தார். ஏப்ரல்ல அவரை டீம் லீட் ஆக்கினாங்க. இப்ப நாங்க எழுதுற கோடு எல்லாத்தையும் ராத்திரி உட்கார்ந்து அவரே மாத்தி எழுதுறார். எங்களுக்குக் கத்துக்க வழியில்ல, அவருக்குத் தூக்கம் இல்ல. ஆட்களை நடத்தப் பழக்கிட்டு அப்புறம்தானே பதவி கொடுக்கணும்?

கோவை_ஃபிட்டர்:
பம்ப் கம்பெனியில 22 வருஷம் ஓட்டிட்டேன்மா. ஹோட்டல்ல ரெண்டு நாள் ட்ரெயினிங் முடிச்சுட்டு வந்த சூப்பர்வைசருக்குக் கீழயும் வேலை பார்த்திருக்கேன். பம்புக்குள்ள சுத்துற இம்பெல்லர் ஏன் உரசுதுன்னு கேட்டா முழிப்பார். தொழில் தெரியாதவர் பேச்சுக்கு ஒர்க்‌ஷாப்புல மரியாதை கிடையாது. வேலை தெரிஞ்சவரைப் போடுங்க, மத்தது தானா வரும்.

முல்லை:
தானா வரலைங்கறதுதானே என் கஷ்டமே அண்ணா. கூகுள்ல 2008 வாக்குல ப்ராஜெக்ட் ஆக்ஸிஜன்னு ஒரு ஆய்வு ஆரம்பிச்சாங்க. நல்ல மேனேஜர்கள்கிட்ட இருந்த 8 குணங்களை வரிசைப்படுத்தினப்ப, கத்துக்கொடுக்கிறது முதல்ல வந்துச்சு. தொழில்நுட்ப அறிவு எட்டாவது.

கோவை_ஃபிட்டர்:
கடைசியா இருந்தாலும் பட்டியல்ல இருக்கே! வேலை தெரியாதவரை கூகுள் உள்ளயே விடாது. எல்லார்கிட்டயும் இருக்கிற ஒண்ணு, ஆளுக்கு ஆள் வித்தியாசம் பார்க்கிறப்ப கீழதான் போகும். அதை வச்சு அது தேவையில்லன்னு சொல்லிட முடியாது.

நைட்_ஷிஃப்ட்:
அண்ணன் சொல்றது சரிதான். ஆனா "தானா வரும்"கறதை ஒத்துக்க மாட்டேன். நான் கார் அசெம்பிளி லைன்ல டீம் லீடர். டொயோட்டா முறையில லைன் பக்கத்துல ஒரு கயிறு இருக்கும், ஆண்டான்னு பேரு. ஏதாவது கோளாறுன்னா யார் வேணா இழுக்கலாம். டீம் லீடர் உடனே ஓடி வரணும். வண்டி அந்த இடத்தைத் தாண்டுறதுக்குள்ள சரியாகலைன்னா லைன் நின்னுடும். கலிபோர்னியாவுல ஃப்ரீமாண்ட்ல ஜெனரல் மோட்டார்ஸ் 1982-ல மூடின ஆலையை, 1984-ல டொயோட்டாவும் சேர்ந்து திறந்தாங்க. பெரும்பாலும் பழைய தொழிலாளிகள்தான். அதே கைகள் தரமான வண்டி கட்டுச்சு. மாறினது நடத்துற விதம்.

நான் லீடரான புதுசுல, கயிறு இழுத்த பையனை "தள்ளு, நான் போடுறேன்"னு ஓரங்கட்டிட்டு நானே போல்ட்டை முறுக்குவேன். வேகமா முடிஞ்சுது, எனக்கும் பெருமையா இருந்துச்சு. மூணாவது வாரம் அவன் இழுக்கிறதையே விட்டுட்டான். போல்ட் லூசாவே 14 வண்டி கடைசி இன்ஸ்பெக்‌ஷன் வரைக்கும் போயிடுச்சு. ஏன்டா சொல்லலைன்னு கேட்டேன். "சொன்னா திட்டுறதில்லண்ணே, ஆனா எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கற மாதிரி ஆயிடுது"ன்னான். அன்னையிலிருந்து கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நிக்கப் பழகினேன். அதுக்கு ஆறு மாசம் ஆச்சு. எந்த வகுப்பும் அதைச் சொல்லித் தரல, என் தொழில் அறிவும் சொல்லித் தரல.

கோவை_ஃபிட்டர்:
தம்பி, அந்தப் பையன் வாயைத் திறந்தது உங்க கை வேலையை மதிச்சதாலதான்னு நான் நினைக்கிறேன்.

முல்லை:
இருக்கலாம் அண்ணா. ஆனா அந்த ஆறு மாசத்தை ஒவ்வொரு டீமும் ஏன் தாங்கணும்? ஒரு பழைய லீடர் பக்கத்துல நின்னு காட்டியிருந்தா சுருங்கியிருக்குமே. நான் கேட்கிற பயிற்சி அதுதான், ஹோட்டல் வகுப்பு இல்ல. திங்கட்கிழமை எங்க லீட்கிட்ட ஒண்ணு கேட்கப் போறேன்: என் கோடை மாத்தாதீங்க, தப்பு எந்த வரியிலன்னு மட்டும் காட்டுங்க.

நைட்_ஷிஃப்ட்:
மத்தவங்க முன்னாடி வேண்டாம், தனியா கேளுங்க.