புதுப்பிப்பு: இந்திய லைசென்ஸை ஜப்பானில் மாற்றுவது

இந்திய லைசென்ஸை ஜப்பான் லைசென்ஸாக மாற்றும் வழியைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அதன்பின் விதிகள் மாறிவிட்டன. எழுத்துத் தேர்வில் 10 கேள்விக்கு 7 சரியாக இருந்தால் போதும் என்பது போய், 2025 அக்டோபர் 1 முதல் 50 கேள்விக்கு 45 சரியாக வேண்டும். ஓட்டும் தேர்வும் கடினமாகிவிட்டது. சுற்றுலா விசாவில் வந்தவர்கள் இனி விண்ணப்பிக்க முடியாது. நகராட்சி தரும் குடியிருப்புச் சான்று, அதாவது ஜூமின்ஹ்யோ, வேண்டும்.

நிறையப் பேர் மாட்டிக்கொள்வது வேறு இடத்தில். லைசென்ஸ் வாங்கிய பிறகு இந்தியாவில் மொத்தம் மூன்று மாதமாவது இருந்ததைக் காட்ட வேண்டும். அதற்கு பாஸ்போர்ட் முத்திரைகள்தான் முக்கியச் சாட்சி. பழைய பாஸ்போர்ட் ஊரில் இருந்தால், தயவுசெய்து இப்போதே வீட்டில் சொல்லி வரவழைத்துவிடுங்கள். எனக்கு எழுத்துத் தேர்வு முடிந்தது. அடுத்து ஓட்டும் தேர்வு.