2 ஓமா, 4 ஓமா: காரோடு வந்த சப்-வூஃபரை மாற்றுவது குறித்து

கம்பிச்சுருள் (அல்சூர்):

நேற்று இங்கே 'சாலை ராகம்' எழுதிய குறிப்பைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. காரோடு வந்த சப்-வூஃபரை (தாழ்ந்த ஒலிக்கான ஒலிபெருக்கி) கழற்றிவிட்டு, அதே பெட்டியில், அதே ஆம்பில் (வூஃபருக்கு மின்சாரம் ஊட்டும் கருவி), கடையில் கிடைக்கும் 4 ஓம் (ஓம் என்பது மின்னோட்டத்துக்கான தடையின் அளவு) சப்-வூஃபரை மாட்டினாலே ஒலி இரண்டு மடங்காகிவிடும் என்றும், தனி ஆம்ப் வாங்கச் சொல்பவர்கள் எல்லோரும் கடைக்காரர்களின் கையாட்கள் என்றும் அவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி, பெங்களூரின் ஜே.சி. சாலைக் கடைகளில் பணத்தைக் கொட்டிவிட்டு வருபவர் யாரிடம் போய் நியாயம் கேட்பார்?

அவரும் நானும் ஓட்டுவது ஒரே மாடல் வண்டி. சென்ற ஞாயிற்றுக்கிழமை டிக்கியின் விரிப்பைத் தூக்கி, ஸ்டெப்னிக்குள் உட்கார்ந்திருக்கும் பெட்டியின் கப்ளரை (கம்பிகளை இணைக்கும் செருகி) கழற்றி, மல்டிமீட்டரின் இரு முனைகளையும் வைத்தேன். 2.1 என்று காட்டியது. இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவிட்டபோது 0.3 காட்டியது. அதைக் கழித்தால் 1.8. மீட்டரின் பேட்டரி தரும் நேர்மின்னோட்டத்தில் 1.8 காட்டும் காயில், அதாவது வூஃபரை ஆட்டும் கம்பிச் சுருள், 2 ஓம் வகையைச் சேர்ந்தது. அது 4 ஓம் வகையாக இருந்திருந்தால் 3.2 முதல் 3.6 வரை காட்டியிருக்கும்.

ஓர் ஆம்ப் எவ்வளவு மின்னழுத்தம் கொடுக்க முடியும் என்பதற்கு ஓர் உச்சம் உண்டு. அந்த உச்சம் மாறாமல் இருக்க, எதிரே நிற்கும் மின்தடை 2 ஓமிலிருந்து 4 ஓமாகக் கூடினால், வூஃபருக்குப் போகும் வாட் பாதியாகக் குறையும். ஒலியை அளக்கும் டெசிபல் கணக்கில் அது 3 டெசிபல் இழப்பு. காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும். கூடவேண்டிய இடத்தில் குறையும் வேலையைச் செய்துவிட்டு, அதை மற்றவர்களுக்கும் பரிந்துரைப்பது சரியா?

சாலை ராகம் (ஜெயநகர்):

ஐயா, என் வண்டியில் நான் கேட்டதை இல்லை என்று சொல்ல உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது. மாற்றிய அன்று மாலையே எங்கள் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் வண்டியை நிறுத்திப் பாட்டை ஓடவிட்டேன். பின்பக்க நம்பர் பிளேட் படபடவென்று அடித்தது. பழைய வூஃபரில் அந்தப் பிளேட் ஒருநாளும் அசைந்ததில்லை.

உங்கள் அளவீட்டையே எடுத்துக்கொள்வோம். நீங்கள் அளந்தது 1.8. நீங்கள் எழுதியது 2. இரண்டும் ஒன்றல்ல. தவிர, மீட்டர் முதலில் காட்டியது 2.1 என்றும் நீங்களே சொல்கிறீர்கள். ஒரே காயிலுக்கு மூன்று எண்களைச் சொல்பவர், என் காதை நம்பாதே என்று எனக்கு எழுதுகிறார். கடந்த ஆண்டு கதவுகளுக்கு டேம்பிங் ஷீட் (அதிர்வை அடக்கும் தாள்) ஒட்டுவது பற்றிய விவாதத்திலும் நீங்கள் இப்படித்தான் எண்களை அடுக்கினீர்கள் என்பதை நான் மறக்கவில்லை.

கம்பிச்சுருள்:

மூன்று எண்களுக்கும் காரணம் மேலேயே இருக்கிறது. 2.1 என்பது காயிலும் மீட்டரின் கம்பிகளும் சேர்ந்தது. 0.3 என்பது கம்பிகள் மட்டும். 1.8 என்பது காயில் மட்டும். 2 ஓம் என்பது அந்த வகைக்குத் தொழிற்சாலை சூட்டும் பெயரளவு மதிப்பு. பாட்டு ஓடும்போது அந்த மதிப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப ஏறி இறங்கும் என்பதால்தான் ஒரு வட்டமான எண்ணை அட்டையில் அச்சிடுகிறார்கள்.

நம்பர் பிளேட் பற்றி ஒரு கேள்வி. புதிய வூஃபரை மாட்டும்போது அதன் விளிம்பில் நுரை நாடா ஒட்டினீர்களா?

சாலை ராகம்:

ஒட்டினேன். அதற்கு என்ன?

கம்பிச்சுருள்:

விடை அதில்தான் இருக்கிறது. என் வண்டியில் பழைய வூஃபரின் விளிம்பில் இருந்த நுரை காய்ந்து, இரண்டு திருகாணிகள் தளர்ந்து, விரலை வைத்தால் காற்று சீறுவது தெரிந்தது. பெட்டியில் கசிவு இருந்தால் தாழ்ந்த ஒலி பலவீனமாகும். உங்கள் வண்டியிலும் அப்படி இருந்திருந்தால், அந்த நாடாவைப் பழைய வூஃபருக்கே ஒட்டி, திருகாணிகளை முடுக்கியிருந்தால் இதே பலன் கிடைத்திருக்கும். செலவு ஐம்பது ரூபாயைத் தாண்டியிருக்காது. மேலும், நம்பர் பிளேட் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில்தான் ஆடும். உங்கள் புதிய வூஃபர் அந்தச் சிறிய பெட்டிக்குள் அறுபது எழுபது ஹெர்ட்ஸ் (நொடிக்கு அத்தனை அதிர்வுகள்) அருகே முட்டிக்கொண்டு ஒலிப்பதால் பிளேட் ஆடுகிறது. அது ஒலி கூடியதற்குச் சான்றாகாது.

ஓசூர் எல்லை (ஓசூர்–எலெக்ட்ரானிக் சிட்டி தினசரிப் பயணி):

கம்பிச்சுருள் சொல்வதைக் கேட்டுக் கெட்டவன் நான். 2 ஓம்தான் வேண்டும் என்று அவர் ஆறு மாதங்களுக்கு முன் அறிவுரை சொன்னார். ஜே.சி. சாலையில் ஒரு கடையில் இரண்டு காயில் கொண்ட வூஃபரை வாங்கினேன். ஒவ்வொரு காயிலும் 2 ஓம் என்று அட்டையில் இருந்தது. கடைக்காரர் இரண்டையும் இணையாகக் கட்டிக் கொடுத்தார். மறுநாள் சில்க் போர்டு சந்திப்பில் நின்றுகொண்டிருந்தபோது பாட்டு நின்றது. ஆம்பின் மேல் கை வைத்தால் தோசைக்கல் போலக் கொதித்தது. பத்து நிமிடம் கழித்து மீண்டும் பாடியது, மீண்டும் நின்றது. இந்த 2 ஓம் பேச்சை நம்பியதற்கு இதுதான் பலன்.

கம்பிச்சுருள்:

நான் 2 ஓம் என்று சொன்னது, ஆம்ப் முன்னால் வந்து நிற்கும் மொத்த அளவை. நீங்கள் வாங்கியதோ ஒவ்வொரு காயிலும் 2 ஓம் கொண்டது. அதை இணையாகக் கட்டினால் 1 ஓம், தொடராகக் கட்டினால் 4 ஓம். எப்படிக் கட்டினாலும் 2 வராது. 2 வேண்டுமென்றால் ஒவ்வொரு காயிலும் 4 ஓம் கொண்டதை வாங்கி இணையாகக் கட்டியிருக்க வேண்டும். காரோடு வந்த ஆம்புக்கு 1 ஓமைக் கொடுத்தால் அது தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும், இல்லையென்றால் எரிந்துவிடும். உங்களுடையது அணைந்தது, நல்லவேளை.

ஓசூர் எல்லை:

இதையெல்லாம் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். '2 ஓம் வாங்குங்கள்' என்று மூன்றே சொற்களில் முடித்துவிட்டு இன்று பாடம் எடுக்கிறீர்கள். ஓசூரில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இதே வேலையைப் பாதிக் கூலியில் பொறுமையாகச் செய்கிறார். அவரைப் பற்றி நான் எழுதினால் மட்டும் பெங்களூர்க்காரர்கள் யாரும் கண்டுகொள்வதில்லை.

சாலை ராகம்:

பார்த்தீர்களா, 2 ஓம் என்று சொன்னவரின் அறிவுரையால் ஒருவருடைய ஆம்ப் கொதித்திருக்கிறது. 4 ஓம் மாட்டிய என் ஆம்ப் குளிர்ச்சியாக இருக்கிறது. இதற்கு மேல் என்ன சான்று வேண்டும்?

இன்னொன்றும் சொல்கிறேன். பாட்டு ஓட ஓடக் காயில் சூடேறும், சூடேறினால் தடை கூடும். ஆகவே உங்கள் 2 ஓம் ஓடும்போது 4 ஓமாகத்தான் இருக்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓசூர் சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாருங்கள்.

கம்பிச்சுருள்:

சூடேறினால் தடை கூடும் என்பது உண்மை, எவ்வளவு கூடும் என்பதுதான் கேள்வி. செப்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 விழுக்காடு கூடுகிறது. அது இரட்டிப்பாக வேண்டுமானால் காயில் ஏறக்குறைய 250 டிகிரி கூடுதலாகச் சூடேற வேண்டும். அதற்கு வெகு முன்பே காரோடு வரும் சாதாரணக் காயிலின் பசை கருகி நாற்றம் எடுக்கும். உங்கள் வண்டியில் அந்த நாற்றம் வருகிறதா? வராவிட்டால் 2 ஓம் 4 ஓமாகவில்லை. மேலும், சூடு உங்கள் 4 ஓம் காயிலுக்கும் பொதுவானது. என்னுடையது கூடினால் உங்களுடையதும் அதே விகிதத்தில் கூடும்.

ஆம்ப் குளிர்ச்சியாக இருப்பதில் வியப்பில்லை. பாதி வேலைதான் செய்கிறது.

மூன்றாம் தந்தி (காக்ஸ் டவுன்):

நான் பேஸ் கிட்டார் வாசிப்பவன். நீங்கள் மூவரும் சத்தத்தைப் பற்றியே பேசுகிறீர்கள், ஆழத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. என் கருவியின் மிகத் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. காரோடு வந்த வூஃபரில் அந்தச் சுரம் வரும்போது அதன் மேல்சுரத்தின் சாயல்தான் கேட்கிறது, சுரம் கேட்பதில்லை. ஒலியைக் கூட்டினால் இன்னும் மோசம், ஏனென்றால் பல வண்டிகளில் வூஃபர் கிழியாமலிருக்க, ஒலி கூடக்கூட ஆம்பே தாழ்ந்த ஒலியை வெட்டிவிடுகிறது. மேம்படுத்துவது என்றால் என்ன என்று முதலில் முடிவு செய்யுங்கள். சத்தம் கூடுவதா, ஆழம் கூடுவதா?

கம்பிச்சுருள்:

சரியான இடத்தைத் தொட்டீர்கள், ஆனால் அதற்கும் விடை 2 ஓமிலிருந்துதான் தொடங்குகிறது. 1954-இல் ஒலிபெருக்கி வடிவமைப்பாளர் எட்கர் வில்ச்சர் காற்றுப்புகாத சிறிய பெட்டியில் ஆழமான ஒலியைக் கொண்டுவந்து காட்டினார். அதற்குக் கொடுத்த விலை செயல்திறன்: அத்தகைய பெட்டிக்கு அதிக வாட் ஊட்ட வேண்டியிருந்தது. 1957-இல் தொடங்கிய கே.எல்.எச். ஒலிபெருக்கி நிறுவனத்தின் பெயரில் 'எச்' ஆக நிற்கும் ஹாஃப்மன் பெயரால் ஒரு விதியே வழங்குகிறது. சிறிய பெட்டி, ஆழமான ஒலி, குறைந்த வாட்டில் அதிகச் சத்தம் ஆகிய மூன்றில் இரண்டுதான் ஒரே நேரத்தில் கிடைக்கும். ஸ்டெப்னிக்குள் இருக்கும் பெட்டியை நீங்கள் பெரிதாக்க முடியாது. ஆகவே ஆழம் வேண்டுமென்றால் வாட்டைத்தான் கூட்ட வேண்டும். அதே அளவு சத்தத்தில் அதிர்வெண் பாதியாகும்போது வூஃபரின் கூம்பு நான்கு மடங்கு தூரம் நகர வேண்டும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இந்த நிலையில் 4 ஓமை மாட்டி, இருக்கிற வாட்டையும் பாதியாக்குவது எந்த ஊர் நியாயம்?

தனி ஆம்ப் வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான். 300 வாட் ஆம்புக்கு ஏறக்குறைய 27 ஆம்பியர் வேண்டும். அதைப் பேட்டரியிலிருந்து தடித்த கம்பியில் தனியாக இழுத்து, பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் போட வேண்டும். ஃபியூஸ் இல்லாத கம்பி தகட்டில் உரசினால் வண்டியே எரியும்.

சாலை ராகம்:

தனி ஆம்ப், தடித்த கம்பி, ஃபியூஸ். கடைசியில் கடைக்குத்தான் வந்து சேர்ந்தீர்கள். கம்பியை வெட்டினால் வாரன்டி போய்விடும் என்பதை ஏன் எழுதவில்லை? நான் ஒரு கம்பியைக்கூட வெட்டவில்லை. கப்ளரைக் கழற்றி மாட்டினேன், அவ்வளவே.

தவிர, தொடக்கத்தில் நீங்கள் 'மின்தடை' என்று எழுதியிருக்கிறீர்கள். மாறுமின்னோட்டத்தில் அதற்கு மின்னெதிர்ப்பு என்று பெயர். பன்னிரண்டாம் வகுப்புப் பாடநூலிலேயே இருக்கிறது. சொல்லையே தவறாக எழுதுபவரின் 2 ஓமை நான் எப்படி நம்புவது?

கம்பிச்சுருள்:

மின்னெதிர்ப்பு என்று எழுதியிருக்க வேண்டும், சரி. ஆனால் மல்டிமீட்டரில் நான் அளந்தது மின்தடைதான், அந்த இடத்தில் என் கணக்கில் பிழையில்லை. கம்பியை வெட்டாமலும் தனி ஆம்ப் வைக்கலாம். இடையில் செருகும் கப்ளர்கள் கிடைக்கின்றன. சென்ற ஆண்டு டேம்பிங் ஷீட் விவாதத்திலேயே இதை எழுதினேன். அன்றும் நீங்கள் படிக்கவில்லை.

இனி எண்களைப் பற்றி நமக்குள் பேச்சு வேண்டாம். உங்கள் பழைய வூஃபரை எடுத்துக்கொண்டு ஞாயிறு காலை அல்சூர் ஏரிக்கரைக்கு வாருங்கள். மீட்டரை நீங்களே பிடியுங்கள்.

சாலை ராகம்:

பழைய வூஃபரை என் மைத்துனர் வண்டிக்குக் கொடுத்துவிட்டேன். அவர் சேலத்தில் இருக்கிறார்.

ஓசூர் எல்லை:

சேலம் போகிற வழியில் ஓசூர்தான் இருக்கிறது. அவர் கொண்டுவந்தால் எங்கள் ஊர்க்காரரிடமே அளக்கலாம். என் கொதித்த ஆம்புக்கும் அன்றைக்கே ஒரு பதில் வேண்டும்.

கம்பிச்சுருள்:

எங்கே அளந்தாலும் சரி. முதலில் மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொடவிட்டு, வரும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைக் கழிக்காமல் 2.1 என்று இங்கே வந்து எழுதினால் நான் ஏற்க மாட்டேன்.

சாலை ராகம்:

2.1 வந்தால் 2.1 என்றுதான் எழுதுவேன்.