மாவட்ட அணிப் பட்டியலில் பெயர் இல்லை: மகனை எப்படித் தேற்றுவது?

ஈரோட்டு அம்மா:
என் மகனுக்கு 13 வயது, ஆஃப் ஸ்பின் போடுகிறான். 14 வயதுக்குட்பட்டோர் மாவட்டக் கிரிக்கெட் அணித் தேர்வில் கடைசிச் சுற்று வரை போனான். ஞாயிறு மாலை வாட்ஸப்பில் பட்டியல் வந்தது. இவன் பெயர் இல்லை; கூடவே பயிற்சிக்குப் போகும் எதிர்வீட்டுப் பையனின் பெயர் இருக்கிறது. அன்று முதல் மைதானத்துக்குப் போக மறுக்கிறான். அந்தப் பையன் வந்து கூப்பிட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறான். "அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்" என்று அவன் அப்பா சொன்னதும், "ஆகஸ்டோடு எனக்கு வயது தாண்டிவிடும், அதுகூடத் தெரியாதா?" என்று அழுதுவிட்டான். என்னதான் சொல்வது?

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்:
பிள்ளை சொன்னது சரிதான் அம்மா. வயதைச் செப்டம்பர் 1ஆம் தேதியை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். எனவே "அடுத்த வருடம்" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். இனி அவனுக்கு 16 வயதுப் பிரிவுதான்.

ஆனால் அதே கணக்கில் அவனுக்கு ஆறுதலும் இருக்கிறது. ஆகஸ்டில் பிறந்தவன், அதற்கு முந்தைய செப்டம்பரில் பிறந்தவர்களோடு போட்டியிட்டிருக்கிறான். இந்த வயதில் பதினோரு மாத வித்தியாசம் தோளிலும் உயரத்திலும் அப்படியே தெரியும். கனடாவில் ஐஸ் ஹாக்கிக்கு ஜனவரி 1 கணக்கு. 1980களில் ஆராய்ந்தபோது, தேர்வானவர்களில் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களே மிகுதியாக இருந்தார்கள். காகிதத்தில் தேதிகளை எழுதி அவனுக்குக் காட்டுங்கள். தன்னிடம்தான் ஏதோ குறை என்று குமைந்துகொண்டிருப்பான்.

வருண் சக்கரவர்த்தி 17 வயது வரை விக்கெட் கீப்பராக ஆடியவர். வயதுப் பிரிவு அணிகளில் இடம் கிடைக்காமல் கட்டடக்கலை படிக்கப் போனார். பிறகு சுழற்பந்து வீச்சாளராகித் திரும்பிவந்து, 2021இல் இந்திய அணிக்கு ஆடினார். இது உங்கள் மனம் ஆறுவதற்குத்தான். அவனிடம் இப்போது சொல்லாதீர்கள், அழுகிற பிள்ளையின் தலையில் இன்னொரு சுமை ஏறும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். சிபாரிசு நடந்தது என்று அவன் காதுபட யாரும் பேசக் கூடாது. கேட்ட பிள்ளைக்கு உழைப்பின்மீது நம்பிக்கை போகும், நண்பனும் எதிரியாகிவிடுவான்.

கோவை நித்யா:
அக்கா, உறவினர்கள் தொலைபேசியில் விசாரித்தால் நீங்களே பதில் சொல்லிவிடுங்கள், அவனிடம் கொடுக்காதீர்கள். என் மகளுக்குக் கூடைப்பந்து அணியில் இடம் கிடைக்காதபோது, தோற்றதைவிட அத்தைக்கும் சித்திக்கும் விளக்கம் சொன்னதுதான் அவளை வாட்டியது. எதிர்வீட்டுப் பையனை வாழ்த்தும்படி இப்போதே வற்புறுத்தவும் வேண்டாம். அவன் அம்மாவிடம் நீங்கள் வாழ்த்துச் சொல்லுங்கள், அது போதும்.

மதுரைக்காரன்:
நானும் இதே பிரிவில் விடுபட்டவன். அப்பா அந்த வாரம் கிரிக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. காலையில் என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார், இரவில் பக்கத்தில் படுத்துக்கொண்டார். யாரும் கூப்பிடாமலே நான் மறுபடி பந்தை எடுத்தேன். மாவட்ட அணிக்குக் கடைசி வரை ஆடவில்லை. கல்லூரி அணிக்கு ஆடினேன். இப்போதும் ஞாயிறுதோறும் ஆடுகிறேன்.

ஈரோட்டு அம்மா:
எல்லோருக்கும் நன்றி. ஐயா, பயிற்சியாளரிடம் நான் போய்ப் பேசட்டுமா?

ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்:
வேண்டாம் அம்மா. மனம் தெளிந்ததும் அவனே போகட்டும். "ஏன் எடுக்கவில்லை?" என்று கேட்காமல், "எதைத் திருத்திக்கொள்ள வேண்டும்?" என்று கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் துணைக்குப் போனாலும் கேட்டுக்கு வெளியிலேயே நில்லுங்கள். அவனுக்குப் போகப் பிடிக்கவில்லை என்றால், இந்தப் பருவம் முழுக்க விட்டுவிடுங்கள்.