எஃப் கார்ட் வரவே மாட்டேன் என்கிறது, வேறு கிட்டார் வாங்கலாமா?

மெல்விரல்:
வணக்கம். அவசரமாக ஒரு யோசனை வேண்டும். நாற்பதைத் தாண்டிய பிறகு கிட்டார் கற்க ஆரம்பித்திருக்கிறேன். உறவினர் வீட்டில் சும்மா கிடந்த அக்கூஸ்டிக்கில்தான் பழகுகிறேன். இ மைனர் கார்ட் (பல கம்பிகளைச் சேர்த்து வாசிக்கும் ஸ்வரக்கூட்டு) சுமாராக வருகிறது. எஃப் அறவே வரவில்லை, பாதிக் கம்பிகள் 'டொக்' என்று அமுங்கிப்போகின்றன. விரல் நுனி எரிகிறது. எனக்கு வயதாகிவிட்டதா, கிட்டார் சரியில்லையா? புதிது வாங்குவதென்றால் எதை வாங்குவது? வார இறுதியில் கடைக்குப் போகிறேன், அதற்குள் சொன்னால் நல்லது.

நாற்பதில்நான்:
வயதைக் காரணமாக்காதீர்கள். நானும் இந்த வயதில்தான் தொடங்கினேன். நுனித்தோல் தடிக்கச் சில வாரங்கள் ஆகும், பதினைந்து வயதுப் பையனுக்கும் அதே கதைதான். ஆனால் மணிக்கட்டோ கட்டைவிரலின் அடியோ வலித்தால் உடனே நிறுத்திவிடுங்கள், அது வேறு வலி. தினமும் எவ்வளவு நேரம் வாசிக்கிறீர்கள்? ஞாயிறன்று மட்டும் இரண்டு மணி நேரம் உட்காருவதைவிடத் தினமும் 15 நிமிடம் மேல். அப்புறம், கம்பி நைலானா ஸ்டீலா? அதைச் சொல்லவே இல்லையே.

தாளக்காரன்:
எஃப்பை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பெரியவர்கள் எல்லாரும் இடது கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், பாட்டு ஓடுவது வலது கையில். மெட்ரோனோமை (தாளத்துக்குத் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து இ மைனர், ஜி, டி மூன்றையும் கை நிற்காமல் மாற்றிப் பழகுங்கள். கார்ட் தப்பினாலும் ஸ்ட்ரம்மிங் (வலது கையால் கம்பிகளை வருடுவது) நிற்கக் கூடாது. எஃப் வந்தே ஆகவேண்டிய இடத்தில் மெல்லிய நாலு கம்பிகளை மட்டும் பிடிக்கும் சின்ன எஃப் போதும்.

ஆறுகம்பி:
என்ன மாடல், கம்பி என்ன கேஜ் (தடிமன்), 12ஆம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை) கம்பி எவ்வளவு உயரத்தில் நிற்கிறது, எதுவுமே இல்லை. 'அக்கூஸ்டிக்' என்று மட்டும் சொன்னால் அதில் பத்து வகை இருக்கிறது. அடிப்படைகளைக் கொஞ்சம் படித்துவிட்டுக் கேட்டால் பதில் சொல்பவர்களின் நேரம் மிச்சமாகும். இது வாரத்துக்கு ஒருமுறை வரும் கேள்வி.

நைலான்பிரியன்:
புதியவர்களை இப்படி விரட்டினால் யார் கேட்பார்கள் ஐயா?
மெல்விரல், யோசிக்காமல் நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் வாங்குங்கள். ஸ்டீல் லைட் செட்டில் ஆறு கம்பிகளின் இழுவிசை சேர்ந்து சுமார் 70 கிலோ. நைலானில் 40 கிலோ அளவுதான். விரல் எரிச்சல் பாதியாகிவிடும்.

தாளக்காரன்:
எரிச்சல் குறையும், சரி. ஆனால் கிளாசிக்கலின் கழுத்து நட் (கழுத்தின் தலைப்பக்க முனையில் கம்பிகளைத் தாங்கும் சின்னப் பட்டை) அருகே 52 மி.மீ. அகலம். ஸ்டீல் கிட்டாரில் 43, 44தான். சின்னக் கை உள்ளவர் அந்த அகலத்தில் பார் கார்ட் (ஒரே விரலால் பல கம்பிகளை அழுத்தும் கார்ட்) பிடித்துப் பார்க்கட்டும். தவிர, அவர் பாடிக்கொண்டே ஸ்ட்ரம் செய்ய நினைத்தால் ஸ்டீலின் கணீர் சத்தம் நைலானில் வராது. எந்த மாதிரிப் பாட்டு வாசிக்க ஆசை என்று கேட்காமலே வாங்கச் சொல்வதா?

நைலான்பிரியன்:
கைக்கு வராத கிட்டாரில் எந்தப் பாட்டு வாசிப்பது? கை பழகியதும் ஸ்டீலுக்கு மாறிக்கொள்ளலாம்.

தாளக்காரன்:
மாறும்போது மறுபடியும் நுனி எரியும். விரும்பும் ஒலியில் தொடங்கினால்தான் தினமும் எடுத்து வாசிக்கத் தோன்றும். வேண்டுமானால் 0.010 அல்லது 0.011 அங்குலத்தில் தொடங்கும் மெல்லிய செட் போட்டு, முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப்) மாட்டிப் பழகட்டும்.

நைலான்பிரியன்:
கேப்போவில் தொடங்கினால் கடைசிவரை அதைக் கழற்றவே மாட்டார்கள்.

மரத்தூள்:
அந்தச் சண்டை பிறகு. மெல்விரல், கைக்குள் இருக்கும் கிட்டாரைப் பார்க்காமல் புதிதுக்குப் பணம் போடாதீர்கள். ஒரு ஸ்கேலை எடுத்து இவற்றைப் பாருங்கள்: நட் அருகே கழுத்தின் அகலம் எவ்வளவு? கழுத்து எத்தனையாவது ஃப்ரெட்டில் உடலோடு சேர்கிறது? 12ஆம் ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் எவ்வளவு இடைவெளி? பிரிட்ஜில் (மேல்பலகையில் கம்பிகள் மாட்டப்படும் கட்டை) கம்பி எப்படி நிற்கிறது, வெள்ளைப் பின் குத்தியா, முடிச்சுப் போட்டா?

மெல்விரல்:
அலுவலகம் கிளம்பும் நேரம், சுருக்கமாகச் சொல்கிறேன். அகலம் 52. சேருமிடம் 12ஆம் ஃப்ரெட். இடைவெளி 5.5 மி.மீ. இருக்கும். பின் இல்லை, முடிச்சும் இல்லை. பிரிட்ஜுக்குப் பின்னால் சின்னப் பித்தளைக் குண்டுகள் தெரிகின்றன. தலையில் இரண்டு நீள ஓட்டைகள். மெல்லிய இரண்டு கம்பிகளும் இரும்புதான்.

மரத்தூள்:
சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கம்பிகளைத் தளர்த்திவிடுங்கள். எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாக, மாறி மாறி.

அது கிளாசிக்கல் கிட்டார். யாரோ ஸ்டீல் கம்பி மாட்டிவிட்டிருக்கிறார்கள். அதன் மேல்பலகையும் உள்ளே ஒட்டிய பட்டிகளும் நைலானின் இழுவைக்காகச் செய்தவை. பெரும்பாலான கிளாசிக்கல் கழுத்தில் ட்ரஸ் ராடும் (கழுத்து வளையாமல் தாங்க உள்ளே வைக்கும் உலோகத் தண்டு) இருக்காது. ஸ்டீல் இழுக்க இழுக்கக் கழுத்து முன்னால் வளையும், பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை உப்பும், ஒருநாள் பிரிட்ஜே பிய்த்துக்கொண்டு வரும். அந்த 5.5 மி.மீ. அப்படி வந்ததாகத்தான் தெரிகிறது. அவ்வளவு உயரத்தில், அந்த அகலக் கழுத்தில், ஸ்டீல் கம்பியில் எஃப் பிடிப்பது பழகியவருக்கே கடினம். உங்கள் விரலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சாதாரண டென்ஷன் நைலான் செட் ஒன்று வாங்கி மாட்டுங்கள். புது நைலான் சில நாட்களுக்கு இழுபட்டுக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறையும் ட்யூன் செய்ய வேண்டிவரும். பயப்படாதீர்கள்.

ஆறுகம்பி:
பின் இல்லாத பிரிட்ஜ் சில ஸ்டீல் கிட்டாரிலும் உண்டு. அதை மட்டும் வைத்து யாரும் முடிவுகட்ட வேண்டாம். ஆனால் 52 மி.மீ., 12ஆம் ஃப்ரெட், ஓட்டையுள்ள தலை மூன்றும் சேர்ந்தால் மரத்தூள் சொல்வதுதான். அளவுகளை முதல் பதிவிலேயே தந்திருந்தால் நடுவில் இத்தனை பேச்சு வந்திருக்காது.

நாற்பதில்நான்:
அளக்க வேண்டும் என்று தெரிந்தவர் இங்கே கேட்கவே மாட்டார். அவரை விடுங்கள்.
மெல்விரல், பிறகு ஸ்டீல் வாங்கத் தோன்றினால் உடல் சிறிய கிட்டாராக மடியில் வைத்துப் பாருங்கள். ட்ரெட்நாட் என்ற பெரிய உடல் கிட்டாரில் வலது தோள் தூக்கிக்கொண்டே இருந்தால் அரை மணி நேரம் உட்கார முடியாது. 12ஆம் ஃப்ரெட்டில் தடித்த கம்பி 2.5, மெல்லியது 2 மி.மீ. அளவுக்கு இருக்கட்டும். ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் அழுத்தி, கரகரப்பு வருகிறதா என்று கேளுங்கள். ஒட்டுப்பலகை என்று யாராவது முகம் சுளித்தால் கவலைப்படாதீர்கள், ஈரப்பதம் மாறும்போது அது தாங்கும். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

நைலான்பிரியன்:
ஆக, நைலான்தான்.

தாளக்காரன்:
கையில் இருப்பதைச் சரிசெய்வதும் புதிதாகத் தேர்ந்தெடுப்பதும் ஒன்றல்ல. கேப்போ விஷயத்துக்கும் நீங்கள் இன்னும் காரணம் சொல்லவில்லை.

மெல்விரல்:
நைலான் மாட்டியாயிற்று. தடித்த கம்பி இப்போது 4 மி.மீ. ஏ மைனர் சுத்தமாகக் கேட்கிறது. எஃப் இன்னும் இல்லை. கடைக்குப் போவதைத் தள்ளிவைத்துவிட்டேன். எல்லாருக்கும் நன்றி.

மரத்தூள்:
4 என்பது கிளாசிக்கலுக்கு வழக்கமான உயரம்தான். பிரிட்ஜுக்குப் பின்னால் ஸ்கேலைக் குறுக்காக வைத்து, பலகை இன்னும் உப்பியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.