எஸ்பிடி பச்சையாகத்தான் இருக்கிறது, கன்ட்ரோலர் கருகிவிட்டது: இடியில் அடிபட்ட சோலார் கதைகள்

காப்பித்தோட்டம்:

தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் தோட்டம். ஈபி கம்பம் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியே நின்றுவிட்டதால் ஐந்து வருஷமாக முழுக்க சோலார்தான். 330 வாட் பேனல் ஆறு, மூன்று மூன்றாகத் தொடுத்து இரண்டு வரிசை. வீட்டைச் சுற்றி மர நிழல் என்பதால் 25 மீட்டர் தள்ளி ஒரு பாறை மேட்டில் ஸ்டாண்டு. வீட்டுக்குள் 150 வோல்ட் எம்பிபிடி கன்ட்ரோலர் (பேனல் கரண்டைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றி ஏற்றும் பெட்டி), 48 வோல்ட் பேட்டரி, இன்வெர்ட்டர்.

இந்தச் சித்திரையில் ஒரு நாள் மாலை நாலு மணி இருக்கும். மழை இன்னும் இறங்கவில்லை, காற்று மட்டும். வீட்டுக்குக் கீழே 60 மீட்டரில் நின்ற சில்வர் ஓக் மரத்தில் இடி விழுந்தது. வெளிச்சமும் சத்தமும் ஒன்றாகவே வந்தன. மறுநாள் போய்ப் பார்த்தால் உச்சியிலிருந்து வேர்வரைக்கும் ஒரு கை அகலத்துக்குப் பட்டை உரிந்து, உள்மரம் வெள்ளையாகத் தெரிந்தது. அதில் ஏற்றியிருந்த மிளகுக்கொடி ஒரு வாரத்தில் வாடிக் கருகியது.

வீட்டுக்குள் கன்ட்ரோலர் செத்துப்போனது. திறந்தால் மூடியின் உள்பக்கம் பூராவும் கரி, உள்ளே ஸ்விட்ச் வேலை பார்க்கும் சில்லுகளில் (மாஸ்பெட்) ஒன்று இரண்டாகப் பிளந்திருந்தது. டிவியின் செட்டாப் பாக்ஸும் போயிற்று. இன்வெர்ட்டர் தப்பித்தது. பேனல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

எனக்குப் புரியாதது இதுதான். டிசி பாக்ஸில் எஸ்பிடி இருக்கிறது, அதாவது ஒயரில் திடீரென்று எகிறும் வோல்ட்டேஜை (சர்ஜ்) எர்த்துக்குத் திருப்பிவிடும் சாமான். அதன் சின்ன ஜன்னல் இன்றுவரை பச்சைதான். போட்டுக்கொடுத்தவரைக் கேட்டால், "இடிக்கு யார் என்ன சார் பண்ண முடியும்" என்கிறார். மரத்தில் விழுந்த இடி, ஒரு கம்பித் தொடர்பும் இல்லாமல் 60 மீட்டர் தாண்டி எப்படி என் கன்ட்ரோலருக்குள் வந்தது?

எர்த்துக்குழி:

ஜன்னல் பச்சை என்றால் அந்த எஸ்பிடி இன்னும் சாகவில்லை என்று மட்டும்தான் அர்த்தம். உங்கள் கன்ட்ரோலரைக் காப்பாற்றியது என்று அர்த்தம் இல்லை. நாலு விஷயம் சொல்லுங்கள். எஸ்பிடி மேல் எத்தனை வோல்ட் என்று போட்டிருக்கிறது? அதிலிருந்து எர்த்துக்குப் போகும் ஒயர் எவ்வளவு நீளம்? பிளஸ்ஸும் மைனஸும் ஒரே பைப்பில் வருகின்றனவா? ஸ்டாண்டு எர்த்தும் வீட்டு எர்த்தும் சேர்ந்திருக்கின்றனவா?

காப்பித்தோட்டம்:

1000 வோல்ட் டிசி. எர்த் ஒயர் பாக்ஸ் ஓரமாக அழகாக வளைத்துக் கட்டி, ஒன்றரை மீட்டர் இறங்கி எர்த் பட்டையில் சேர்கிறது. பிளஸ் ஒரு பைப், மைனஸ் ஒரு பைப், ஓர் அடி இடைவெளி. ஸ்டாண்டுக்குத் தனிக் குழி, வீட்டுக்குத் தனிக் குழி. இரண்டும் சேரவே கூடாது, டிசி எர்த் வேறு ஏசி எர்த் வேறு என்று போட்டுக்கொடுத்தவர் கறாராகச் சொன்னார்.

எர்த்துக்குழி:

நினைத்தேன். ஒவ்வொன்றாக வருகிறேன், கொஞ்சம் நீளும்.

உங்கள் பேனல் ஒன்றுக்கு லோடு இல்லாதபோது சுமார் 46 வோல்ட் வரும். மூன்று சேர்ந்தால் 138. மலைக்குளிரில் காலையில் இன்னும் ஏறும். அதற்கு இடம் விட்டு 1.2 மடங்கு போட்டால் 165 சொச்சம். அதைத் தாண்டிய அடுத்த அளவு எஸ்பிடி போதும், 200 இல்லையென்றால் 300. உங்களிடம் இருப்பது பெரிய சோலார் பிளான்ட்டுக்கான சாமான். அதன் தாளில் யுபி என்று ஓர் எண் போட்டிருக்கும். சர்ஜ் வரும்போது எவ்வளவு வோல்ட்டை அது உள்ளே விடும் என்பது அது. 1000 வோல்ட் எஸ்பிடியில் அது 4,000 பக்கம் இருக்கும். 150 வோல்ட் கன்ட்ரோலருக்கு அந்தக் காவல் எதற்கு? ஆட்டுக்குட்டி ஓடாமல் இருக்க யானைக்கு வைக்கும் வேலி போட்ட மாதிரி. குட்டி அடியில் நுழைந்து போய்விடும்.

அடுத்து அந்த அழகான ஒயர். சாதாரணக் கரண்டுக்கு ஒயர் என்றால் வெறும் ஒயர். மின்னல் சர்ஜ் மைக்ரோ செகண்டில் ஏறுகிறது. அந்த வேகத்துக்கு நேரான ஒயர்கூடத் தடைதான். 8 மைக்ரோ செகண்டில் 10,000 ஆம்பியர் ஏறினால் மீட்டருக்கு ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் அந்த ஒயரிலேயே நிற்கும். ஒன்றரை மீட்டருக்குக் கணக்குப் போடுங்கள். அதுவும் எஸ்பிடியின் 4,000 மேல் ஏறித்தான் கன்ட்ரோலரைப் பார்க்கும். எஸ்பிடிக்கு வரும் ஒயரும் போகும் ஒயரும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். வளைவே வேண்டாம், அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

கம்பி இல்லாமல் எப்படி வந்தது என்று கேட்டீர்களே, கம்பியை நீங்களே போட்டு வைத்திருக்கிறீர்கள். ஓர் அடி இடைவெளியில் 25 மீட்டர் ஓடும் இரண்டு ஒயர், ஒரு பக்கம் பேனல், மறுபக்கம் கன்ட்ரோலர். அது ஒரு பெரிய வளையம். பக்கத்தில் இடி விழும்போது காந்தப்புலம் சட்டென்று மாறும், அந்த வளையத்துக்குள் வோல்ட்டேஜ் பிறக்கும். பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒட்டி ஒரே பைப்பில் விட்டிருந்தால் வளையமே இல்லை. காசு செலவில்லாத பாதுகாப்பு அது ஒன்றுதான், அதைத்தான் யாரும் செய்வதில்லை.

எர்த் விஷயத்துக்கு ராத்திரி வருகிறேன். சைட்டில் இருக்கிறேன்.

மானாவாரி:

நான் ராமநாதபுரம் பக்கம். எனக்கு நேர் எதிராக நடந்தது. பேனலும் கன்ட்ரோலரும் நன்றாக இருக்க, போர்வெல்லில் 400 அடி ஆழத்தில் இருந்த மோட்டார் போயிற்று. இடி விழுந்தது வரப்புப் பனையில். கீழே தண்ணீருக்குள் கிடக்கிற மோட்டாருக்கு இடி எப்படிப் போகும் என்று ஊரே சிரித்தது. மோட்டாரை மேலே தூக்கக் கிரேன் வாடகை, ரீவைண்டிங் என்று ஒரு போகத்து வருமானம் போனது தனிக் கதை.

ரீவைண்டிங் கடைக்காரர்தான் சொன்னார்: "உங்க தோட்டத்துலயே நல்ல எர்த் எது? தண்ணிக்குள்ள கிடக்கிற அந்த மோட்டார்தான்." மேலே நான் வைத்திருந்த எர்த் காய்ந்த கரிசலில் இரண்டடிக் கம்பி, வெயில் காலத்தில் மண் வெடித்துக் கம்பியைச் சுற்றிலும் விரல் நுழையும். சர்ஜுக்கு அந்தப் பக்கம் போக என்ன பைத்தியமா? கேபிள் வழியாக வைண்டிங்கைப் பொத்துக்கொண்டு தண்ணீருக்கே போய்விட்டது. இப்போது போர் வாயிலேயே ஓர் எஸ்பிடி, அதன் எர்த்தை இரும்புக் கேசிங் பைப்பில் கிளாம்ப் போட்டு, அங்கிருந்து கன்ட்ரோலர் எர்த்துக்கும் ஒரு பட்டை ஓட்டியிருக்கிறேன். பிளாஸ்டிக் கேசிங் வைத்திருப்பவர்கள் இதைச் செய்ய முடியாது, தனிக் கம்பிதான் அடிக்க வேண்டும்.

சும்மாவந்தவன்:

எட்டு வருஷமாக ஒரே வைத்தியம். மேகம் கறுத்தால் ஐசோலேட்டரை (பேனல் ஒயரைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) அணைத்துவிடுவேன். எஸ்பிடியும் இல்லை ஒன்றும் இல்லை. இதுவரை ஒரு பல்புகூடப் போகவில்லை.

முல்லைமண்:

எங்கட பக்கம் முல்லைத்தீவு. சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரமானால் இடிமுழக்கம் தவறாது. என்ர அனுபவம் வேறு மாதிரி. இடி விழுந்து ஒன்றும் எரியவில்லை, எல்லாம் வேலை செய்தது. நிம்மதியாக இருந்துவிட்டேன். இரண்டு கிழமைக்குப் பிறகுதான் பற்றரி முழுதாக ஏறுவதில்லை என்று கவனித்தேன். மழைக்காலம், வெயில் குறைவு என்று இன்னும் ஒரு மாதம் விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு நாள் நாலு பனலையும் தனித்தனியாகக் கழற்றி மீற்றர் வைத்துப் பார்த்தேன். மூன்றில் 37 வோல்ற்று. ஒன்றில் 25. சரியாக மூன்றில் ஒரு பங்கு குறைவு. பனலுக்குப் பின்னால் உள்ள கறுப்புப் பெட்டியைத் திறந்தால் மூன்று டயோட், ஒரு பக்கம் மட்டும் கடத்த வேண்டியவை, அதில் ஒன்று இரண்டு பக்கமும் கடத்துகிறது. 60 செல் பனலில் ஒவ்வொரு டயோட்டும் 20 செல்லுக்குக் காவல். காவல்காரன் செத்து வாசலில் விழுந்தால் அந்த 20 செல்லும் வெளியே வர வழியில்லை. புது டயோட் வாங்கி ஈயம் பற்ற வைத்தேன், திரும்பவும் 37. பெட்டிக்குள் பசை ஊற்றி மூடிய பனல் என்றால் இது செய்ய முடியாது.

காப்பித்தோட்டம் அண்ணை, "பேனல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று கண்ணால் பார்த்துச் சொல்லாதேங்கோ. மீற்றர் வையுங்கோ.

எர்த்துக்குழி:

முல்லைமண் சொன்னது தங்கம். நான் இனிமேல் இடி விழுந்த வீட்டுக்குப் போனால் முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

சும்மாவந்தவன், நீங்கள் செய்வது தப்பில்லை, தூரத்து இடிக்கு உதவும். ஆனால் ஐசோலேட்டருக்குள் திறக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர். காற்று சென்டிமீட்டருக்குச் சுமார் 30,000 வோல்ட்டில் உடைந்துவிடும். பக்கத்தில் விழுந்தால் அந்தச் சந்தைத் தாண்டுவது பெரிய காரியமில்லை. உண்மையிலேயே பிரிக்க வேண்டுமென்றால் பேனல் ஒயரின் எம்சி4 பிளக்கையே கழற்றி ஒரு முழம் தள்ளி வைக்க வேண்டும். முதலில் ஐசோலேட்டரை அணைத்துவிட்டு அப்புறம்தான் பிளக். கரண்டு ஓடும்போது உருவினால் டிசி ஆர்க் கையைச் சுட்டுவிடும். இதெல்லாம் இடி தொலைவில் இருக்கும்போது. மின்னலுக்கும் சத்தத்துக்கும் நடுவில் மூன்று விநாடி எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குக் கீழே வந்துவிட்டால் ஒயரைத் தொடாதீர்கள், போனால் போகட்டும். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் தாமினி செயலி 20, 40 கிலோமீட்டர் வட்டத்தில் மின்னலைக் காட்டும், அதைப் போனில் போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, எர்த். மரத்தடியில் இடி விழுந்து மாடு சாவதைப் பார்த்திருப்பீர்கள். மாட்டின் மேல் இடி விழுவதில்லை, மரத்தில்தான் விழுகிறது. மரத்திலிருந்து தரைக்குள் பாயும்போது மண்ணிலேயே இடத்துக்கு இடம் வோல்ட்டேஜ் மாறுகிறது. முன்னங்கால் நிற்கும் இடம் வேறு, பின்னங்கால் நிற்கும் இடம் வேறு. வித்தியாசம் முழுதும் மாட்டின் வயிற்று வழியாக ஓடுகிறது. பக்கத்தில் ஒற்றைக்காலில் நின்ற கொக்கு பிழைத்துக்கொள்ளும்.

உங்கள் ஸ்டாண்டு குழி முன்னங்கால். வீட்டுக் குழி பின்னங்கால். நடுவில் 25 மீட்டர். கன்ட்ரோலர்தான் வயிறு. அடியில் பாறை வேறு; பாறையில் மின்சாரம் எளிதில் பரவாது, அதனால் வித்தியாசம் இன்னும் கூடும், ஆயிரக்கணக்கில் வரும். செட்டாப் பாக்ஸ் போனதும் இதே கதைதான், கூரை மேல் டிஷ் மூன்றாவது கால்.

குழி எத்தனை வேண்டுமானாலும் தோண்டுங்கள். ஸ்டாண்டு, வீடு, இடிதாங்கி இருந்தால் அது, எல்லாவற்றையும் தரைக்கடியில் ஒரே கம்பியாகக் கட்டுங்கள். சேரவே கூடாது என்று சொல்பவர்கள் பாதி ஊர் இருக்கிறார்கள், எனக்கும் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அப்படித்தான் சொன்னார். நேராக உங்கள் வீட்டுமேலேயே விழுந்தால் இது எதுவும் போதாது, அதற்கு முறையான இடிதாங்கி வேண்டும், டைப் 1 எஸ்பிடி வேண்டும். ஆனால் நான் பழுது பார்த்த வீடுகளில் பெரும்பாலும் இடி விழுந்தது பக்கத்தில்தான்.

மானாவாரி:

கொக்கு உதாரணம் அருமை சார். எங்கள் ஊரில் பனையை இடிதாங்கி என்றே சொல்வார்கள். வீட்டு ஆளைக் காப்பாற்றும் என்பது சரிதான், மோட்டாரைக் காப்பாற்றவில்லை.

காப்பித்தோட்டம்:

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். மிளகு வேலை, அப்புறம் மழை.

முதலில் முல்லைமண் சொன்னபடி மீட்டர் வைத்தேன். ஆறில் ஒரு பேனல் 46க்குப் பதில் 31 காட்டியது. நன்றி தம்பி, நான் கண்ணால் பார்த்துத்தான் சொல்லியிருந்தேன்.

பிளஸ், மைனஸ் ஒயர்களை உருவி ஒரே பைப்பில் விட்டாயிற்று. எர்த் பெரிய பாடு. மூன்றடிக்குக் கீழே பாறை, கம்பி இறங்கவில்லை. ஆழமாகப் போக முடியாவிட்டால் நீளமாகப் போ என்று ஒருவர் சொல்ல, ஸ்டாண்டிலிருந்து வீடுவரை காப்பிச் செடி வரிசை ஊடே இரண்டடிப் பள்ளம் தோண்டி ஜிஐ பட்டையைப் படுக்கவைத்து, ஈரம் பிடித்துவைக்கும் பெண்டோனைட் களிமண்ணைக் கரைத்து ஊற்றி மூடினோம். உப்பு போடவில்லை, பழைய குழியில் உப்பு போட்ட இடத்தில் பைப் அரித்துக் கையோடு வந்துவிட்டது. இரண்டு குழியும் இப்போது ஒன்று. எர்த் டெஸ்டரில் முன்பு 14 ஓம் காட்டியது, இப்போது 6.

ஸ்டாண்டு பக்கம் ஒன்று, கன்ட்ரோலர் பக்கம் ஒன்று என்று இரண்டு 300 வோல்ட் எஸ்பிடி. கன்ட்ரோலர் பக்கத்து எஸ்பிடியிலிருந்து எர்த் பாருக்கு ஒரு சாண் ஒயர்தான், எலக்ட்ரீஷியனுக்கு அது அழகாக இல்லை என்று மனக்குறை.

டிஷ் அடியை எர்த்தோடு கட்டுவது மட்டும் பாக்கி, ஏணி ஏற ஆள் வரவில்லை. அதுவரை மேகம் கறுத்தால் கேபிளைக் கழற்றி ஜன்னலுக்கு வெளியே போட்டுவிடுகிறேன். அது சரியாகச் சீரியல் நேரமாக அமைந்துவிடுகிறது, வீட்டில் திட்டு விழுகிறது.