மறு: ‘பேனல் கேப்’ என்பதற்குத் தமிழ் – சந்தும் மட்டமும்

அன்புள்ள குழுமத்தாருக்கு வணக்கம்.

நம் வண்டிப் பழுதுபார்ப்புக் கையேட்டுக்காக, கதவு ‘அலைன்மெண்ட்’ வேலைக்குச் சென்ற வாரம் இங்கே முன்வைக்கப்பட்ட ‘கதவுச் சீரமைப்பு’ என்ற தொடரை ஏற்க நான் தயங்குவதற்கு இலக்கணம் காரணம் அன்று; பட்டறைதான் காரணம். ‘சாலை சீரமைப்பு’ என்று செய்தித்தாளில் படித்துப் பழகியவர், ‘கதவுச் சீரமைப்பு’ என்றதும் நசுங்கிய கதவைத் தட்டி நிமிர்த்துவதைத்தான் நினைப்பார். அது டிங்கர் வேலை. நாம் பெயர் தேடிக்கொண்டிருப்பதோ, தகடு நசுங்காமலே இடம் பிசகி நிற்கும் கதவையும் மட்கார்டையும் பானெட்டையும் போல்ட்டைத் தளர்த்தி நகர்த்தி மறுபடி இறுக்கும் வேலைக்கு.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழைய பிக்கப் வண்டியில் ‘அலைன்மெண்ட் போய்விட்டது’ என்று ஒரே சொல்லில் சொல்லப்படுவதற்குள் இரண்டு குறைகள் ஒளிந்திருக்கின்றன. கதவின் விளிம்புக்கும் அடுத்த தகட்டின் விளிம்புக்கும் நடுவே உள்ள வெளி (‘பேனல் கேப்’) மாறியிருக்கலாம். அல்லது அந்த வெளி சரியாகவே இருக்க, ஒரு தகடு மற்றதைவிட வெளியே துருத்திக்கொண்டோ உள்வாங்கியோ நிற்கலாம். பல வண்டிகளில் கீலை உடற்கூட்டோடு சேர்க்கும் போல்ட்டுகளைத் தளர்த்தினால் கதவு மேலும் கீழும், முன்னும் பின்னும் நகரும். கீலைக் கதவோடு சேர்க்கும் போல்ட்டுகளைத் தளர்த்தினால் உள்ளும் வெளியும் நகரும். வண்டிக்கு வண்டி இது இடம் மாறலாம் என்றாலும், இரண்டும் வெவ்வேறு போல்ட், வெவ்வேறு வேலை. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால், கையேட்டைப் படிப்பவர் எந்தப் போல்ட்டில் ஸ்பானரை வைப்பார்?

எனவே முதற்குறைக்குச் ‘சந்து’, இரண்டாவதற்கு ‘மட்டம்’ என்று முன்மொழிகிறேன். வேலையின் பெயர்கள் ‘சந்து பார்த்தல்’, ‘மட்டம் பார்த்தல்’. இந்தப் ‘பார்த்தல்’ நான் ஆக்கியது அன்று. பெங்களூரில் ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளிலும் சிவாஜிநகர்ப் பட்டறைகளிலும் தமிழும் கன்னடமும் தக்கனி உருதுவும் கலந்து ஓடும் பேச்சுக்கு நடுவே, நம்மவர்கள் ‘கேப் பார்க்கணும்’, ‘லெவல் பார்க்கணும்’ என்றுதான் சொல்கிறார்கள். ‘பட்டி பார்ப்பது’ எல்லோருக்கும் தெரிந்ததே. ரசமட்டத்தை வைத்துக் கொத்தனார் பார்ப்பதும் மட்டந்தான். சந்து என்றால் கன்னடத்திலும் இடுக்கு என்று பொருள் உண்டு. கீலும் இரு மொழிக்கும் பொது. இந்த ஊரில் அது சிறிய வசதி இல்லை.

மூன்றாவதாக ஒரு சொல் தேவை என்பதை என் மைத்துனரின் 1997ஆம் ஆண்டுப் பிக்கப் எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஓட்டுநர் பக்கத்தில் கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவே இருந்த சந்து மேலே விரிந்தும் கீழே நெருங்கியும் ஆப்பைப் போல நின்றது. ஒரு பட்டறையில் கீல் பின்னும் புஷ்ஷும் மாற்றிப் பணம் வாங்கிக்கொண்டார்கள். சந்து இம்மியும் மாறவில்லை. இதே வடிவம் இரண்டு காரணங்களால் வரும் என்பதுதான் அங்கே கவனிக்கப்படாமல் போனது. மேற்கீல் தேய்ந்தால் கதவு முன்பக்கத்தை அச்சாக வைத்துப் பின்பக்கம் தொங்கும். அப்போது முன்சந்து மேலே விரியும். ரேடியேட்டரைத் தாங்கும் முன்சட்டத்தின் அடியிலுள்ள ரப்பர் நசுங்கினாலும், மட்கார்டின் மூக்கு கீழே இறங்கி அதன் பின்விளிம்பின் மேற்பகுதி கதவைவிட்டு விலகும். அப்போதும் முன்சந்து மேலேதான் விரியும். வேறுபடுத்திக் காண வழி எளிது. கதவைச் சற்றே திறந்து பின்விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பார்க்க வேண்டும். ஆட்டம் இருந்தால் கீல் தேய்ந்திருக்கிறது. ஆட்டம் இல்லாமல், கதவின் மடிப்புக்கோடு கேபினின் மடிப்புக்கோட்டோடு ஒரே நேரில் ஓடுகிறது என்றால், இறங்கியது கதவு அன்று, மட்கார்டு. மைத்துனரின் வண்டியில் நடந்தது இதுதான். இந்த வடிவத்துக்கு ‘ஆப்புச் சந்து’ என்று பெயரிட்டுவிட்டால், காரணம் தேடும் பகுதியைக் கையேட்டில் அந்தத் தலைப்பின்கீழ் எழுதிவிடலாம்.

கதவின் தாழ் வந்து பிடிக்கும் ஸ்ட்ரைக்கருக்கு வீட்டுக் கதவிலிருந்தே, தாழின் நாவைத் தாங்குவது என்று பொருள்படும் ‘நாதாங்கி’யை எடுத்துக்கொள்ளலாம். சொற்கள் தேறுமா என்று ஒரு பத்தியில் வைத்துப் பார்த்தேன்:

“முதலில் கேபினைத் தாங்கும் ரப்பர்களைப் பாருங்கள், அவை நசுங்கியிருந்தால் பிறகு செய்யும் எதுவும் நிற்காது. அடுத்து, நாதாங்கியைக் கழற்றிவிட்டுக் கதவை மெல்லச் சாத்துங்கள். நாதாங்கி இருந்தால், தொங்கும் கதவையும் அது தூக்கிப் பிடித்துச் சந்து சரியாக இருப்பதுபோலக் காட்டிவிடும். கதவின் பின்விளிம்பைக் கேபினோடு ஒட்டிச் சந்து பாருங்கள். பிறகு மட்டம் பாருங்கள். கதவு அமைந்தபின் மட்கார்டைக் கதவுக்கு ஏற்ப நகர்த்துங்கள். பானெட் கடைசி. கதவைச் சுற்றி ஓடும் ரப்பர் பட்டையான பீடிங்கைப் புதிதாகப் போட்டிருந்தால் அது கதவைச் சில நாள் வெளியே தள்ளும். அதைக் கண்டு கீலை நகர்த்த வேண்டாம்.”

உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அல்சூரிலிருந்து

* * *

ஐயா, வணக்கம்.

மட்டத்தில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சந்தில் இரண்டு தடைகள் தெரிகின்றன. ‘சந்து’ என்றதும் படிப்பவர் மனத்தில் தெருச்சந்து வந்து நிற்கும். மேலும், அது வடமொழிச் ‘சந்தி’யோடு உறவுடையது என்று வாதிடுவோர் நம் குழுமத்திலேயே இருக்கிறார்கள். ‘இடுக்கு’ இருக்கும்போது இந்த வம்பு எதற்கு?

நாதாங்கியிலும் ஓர் ஐயம். நாம் பேசும் வண்டிகளின் தாழில் நாவே இல்லை. நகம் போன்ற ஒன்று சுழன்று வந்து ஸ்ட்ரைக்கரின் கம்பியைக் கவ்வுகிறது. அந்த நகத்துக்குக் ‘கொண்டி’ என்றும் கம்பிக்கு வேறு பெயரும் வைத்தால் என்ன?

கடைசியாக, கேபினுக்கும் சரக்குத் தொட்டிக்கும் நடுவே விடப்படும் வெளியும் சந்துதானா என்பதைத் தெளிவுபடுத்துங்கள்.

* * *

அன்புடையீர்,

கொண்டியை மகிழ்ச்சியோடு ஏற்கிறேன். ஆனால் கம்பி நாதாங்கியாகவே இருக்கட்டும். நா போனாலும், தாழ் வந்து பிடித்து நிற்கும் இடம் என்ற பொருள் போகவில்லை.

இடுக்கு வேண்டாம் என்பதற்குக் காரணம் அதன் வினை. இடுக்குதல் என்றால் நெருக்கிப் பிடித்தல். இடுக்கி செய்வது அதைத்தான். புதிய கார்களில் 3, 4 மில்லிமீட்டரும் பழைய பிக்கப்புகளில் 5, 6 மில்லிமீட்டரும் விட்டு, மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாக ஓட வேண்டிய வெளியை, நெருக்கிப் பிடிப்பதைச் சுட்டும் சொல்லால் குறிப்பது பொருந்தவில்லை. வேர் பற்றிய வாதத்துக்கு நான் வரவில்லை. கைச்சந்து, இடுப்புச் சந்து என்று உடம்பின் பொருத்துகளுக்கே அச்சொல்லை வழங்கிவந்திருக்கிறோம். (சந்து செய்தல் என்றால் பழைய வழக்கில் பகைத்த இருவரைச் சமாதானம் செய்தல். ஒத்துவராத கதவையும் மட்கார்டையும் நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.) தெருவோடு குழம்பும் என்ற அச்சத்துக்காகத் தலைப்புகளில் மட்டும் ‘தகட்டுச் சந்து’ என்று விரித்து எழுதலாம்.

தொட்டி பற்றிய உங்கள் கேள்வி முக்கியமானது. என் வரைவில் அது விடுபட்டிருந்தது. கேபினும் தொட்டியும் வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின்மேல் தனித்தனியாக உட்கார்ந்திருப்பவை. பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது சேசிஸ் முறுகும். அப்போது இரண்டும் ஒன்றோடொன்று மோதாதிருக்கத்தான் அந்த வெளி தாராளமாக விடப்படுகிறது. கதவுச் சந்தைப்போல அதை நெருக்கினால் தகடு உரசிப் பெயிண்ட் போகும். ஆகவே அதைச் சந்து என்று எழுதாமல், ‘இடைவெளி’ என்ற பழைய சொல்லாலேயே குறிக்க வேண்டும். அதற்கென்று புதிதாக எதையும் ஆக்க வேண்டாம். நம் சொற்பட்டியலில் அந்த வரியையும் கொண்டியையும் சேர்த்து நாளை அனுப்புகிறேன்.