பொருள்: மறு: 'கான்ஃபரன்ஸ்' – பள்ளி விளையாட்டுக்கு மாநாடு வேண்டாம்

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

பள்ளி விளையாட்டில் வரும் 'கான்ஃபரன்ஸ்' என்ற சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வது என்று நம் சொல்லாய்வுக் குழுவில் கேள்வியைக் கிளப்பியவன் என்பதால், உங்கள் யோசனைகளுக்குப் பதில் சொல்ல நானே மறுபடி வருகிறேன். அமெரிக்கக் கிராமப்புறத்துச் சிறிய உயர்நிலைப் பள்ளிகள் ஏழெட்டு சேர்ந்து, பருவம் முழுக்கத் தங்களுக்குள் முறைவைத்து ஆடும் அமைப்பை அங்கே 'கான்ஃபரன்ஸ்' என்கிறார்கள். என் மொழிபெயர்ப்பில் முதலில் 'ஏழு பள்ளிகள் மாநாட்டில் சேர்ந்தன' என்று எழுதியிருந்தேன். மெய்ப்புப் பார்த்தவர் ஓரத்தில் பென்சிலால், 'மாநாடு என்றைக்கு முடிகிறது?' என்று கேட்டிருந்தார்.

மாநாடு அடியோடு பொருந்தாது என்றும் சொல்வதற்கில்லை. 'பிக் டென்' என இன்று வழங்கும் பல்கலைக்கழக அமைப்பு 1896இல் தொடங்கியது, ஆசிரியப் பிரதிநிதிகளின் கூட்டமாகத்தான். கூட்டத்தின் பெயர் கூடியவர்கள்மேல் ஒட்டிக்கொண்டது; நம் சங்கத்துக்கும் மன்றத்துக்கும் நேர்ந்ததும் இதுவே. (பத்து என்ற பெயரோடு அதில் இப்போது 18 பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. அங்கே சொல்லாய்வுக் குழு கிடையாது போலும்.)

> 'விளையாட்டுக் கூட்டணி' என்றால் எல்லாருக்கும் புரியுமே.

புரியும், தப்பாக. கூட்டணிக்காரர்கள் ஒரே பக்கம் நிற்பவர்கள். இவர்களோ ஒருவரையொருவர் தோற்கடிப்பதற்கென்றே ஒப்பந்தம் போட்டுக்கொண்டவர்கள். ஆனாலும் அந்தச் சொல்லை வீசிவிட வேண்டாம், அதற்கு வேறு வேலை இருக்கிறது. பதினொரு பேரைத் திரட்ட முடியாத பள்ளிகளுக்காக ஸ்டீபன் எப்லர் என்ற நெப்ராஸ்கா ஆசிரியர் அறுவர் ஆடும் அமெரிக்கக் கால்பந்தை வகுத்தார். முதல் ஆட்டம் 1934 செப்டம்பரில் ஹெப்ரனில் நடந்தது. ஹெப்ரன், செஸ்டர் பையன்கள் ஒரு பக்கம். பெல்விடியர், அலெக்சாண்டிரியா பையன்கள் எதிர்ப்பக்கம். ஆட்டம் 19–19 எனச் சமனில் முடிந்தது. இரண்டு ஊர் சேர்ந்து ஓர் அணி: கூட்டு, அணி. அரசியல்வாதிகளிடமிருந்து அந்தச் சொல்லை மீட்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் வாய்க்காது. ஆள் பற்றாமல் இன்றும் இப்படி இணையும் பள்ளி அணிகளுக்கே 'கூட்டணி'யைக் கொடுத்துவிடலாம்.

> நம் பள்ளிகளில் குறுவட்டப் போட்டி என்கிறோம். அதையே எடுத்தாளலாம்.

எனக்கு மிகவும் பிடித்த யோசனை, ஆனால் பாதிதான். குறுவட்டம் மேலிருந்து வகுத்துத் தரப்படுவது. குழு ஆட்டங்களில் பெரும்பாலும் தோற்ற அன்றே பையைக் கட்ட வேண்டியதுதான். கான்ஃபரன்ஸில் தோற்றவனும் அடுத்த வாரம் அடுத்த ஊருக்குப் பஸ் ஏறியாக வேண்டும். சிறிய பள்ளிக்கு லாபமே அதில்தான்: பருவம் முழுக்க ஆட்டம் உறுதி, எதிராளியும் தன் உயரத்தவன், போக்குவரத்தும் கைக்கு அடங்கும்.

'வட்டம்' மட்டும் நிற்கட்டும். தாலுகா நினைவுக்கு வரும் என்று அம்மையார் ஒருவர் தயங்கியிருந்தார். வாசகர் வட்டமும் வட்டம்தானே, அம்மா? அதில் யாரும் கட்டாயத்தின்பேரில் சேர்வதில்லை. சுற்றிச் சுற்றி எல்லாரும் எல்லாரோடும் ஆடுவதையும் அந்தச் சொல் காட்டுகிறது. எனவே என் பரிந்துரை: போட்டிவட்டம். ஒற்று மிகாது, சண்டைக்கும் இடமில்லை.

ஒரு கண்ணி வெடி மட்டும் உண்டு. டெக்சஸில் பள்ளிப் போட்டிகளை நடத்தும் யூ.ஐ.எல். அமைப்பு, மாணவர் எண்ணிக்கைப்படி பிரித்த 1ஏ முதல் 6ஏ வரையான படிநிலைகளைத்தான் 'கான்ஃபரன்ஸ்' என்கிறது. தங்களுக்குள் ஆடும் பள்ளிக் குழுவுக்கு அங்கே பெயர் 'டிஸ்ட்ரிக்ட்'. அதை மாவட்டம் என்று எழுதினால் கலெக்டர் வந்துவிடுவார். ஆகவே டெக்சஸ் செய்தியில் கான்ஃபரன்ஸ் 'பிரிவு', டிஸ்ட்ரிக்ட் 'போட்டிவட்டம்'. ஈராண்டுக்கு ஒருமுறை இவற்றை மாற்றியமைக்கிறார்கள். அதற்குத் தொகுதிகளுக்கு வழங்கும் 'மறுவரையறை' அப்படியே பொருந்துகிறது.

> 'ஆட்டவட்டம்' காதுக்கு இன்னும் இனிமை.

இனிமைதான், ஐயா. வீட்டில் வாசித்துக் காட்டினேன், ஆட்டுச் சந்தையா என்று கேட்டார்கள்.

வட்டத்துப் பள்ளிகள் அனைத்திலிருந்தும் பருவ முடிவில் சிறந்த ஆட்டக்காரர்களைப் பொறுக்கி ஒரு பட்டியல் போடுவார்கள். களத்தில் இறங்காத, தாளில் மட்டும் வாழும் அணி அது. அதற்கு இன்னும் சொல் அகப்படவில்லை. யாரேனும் முயன்று பாருங்கள்.